வெற்றுக் கூட்டின் வாயில்

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு மேற்கே பனோச்சே குன்றுகள் இருக்கின்றன. மழை குறைந்த, புல் காய்ந்து கிடக்கும் குன்றுகள். அவற்றை அறுத்துக்கொண்டு இறங்கும் எஸ்கார்பாடோ ஓடைப்பள்ளத்தின் சரிவுகளில் மொரீனோ களிப்பாறை வெளியே தெரிகிறது. ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்த பாறை அது. அதன் பெரும்பகுதி கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிக் கட்டத்தில் படிந்தது. உச்சிப் பகுதி மட்டும் அடுத்து வந்த பாலியோசீன் காலத்தைச் சேர்ந்தது. வாரன் டிரக் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பாறையை அமிலத்தில் கரைத்து, கரையாமல் மிஞ்சிய துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து, 1967-இல் ஒரு நீண்ட ஆய்வுரையை வெளியிட்டார். அதில் அவர் புதிதாக விவரித்த சிற்றினங்களில் ஒன்றுக்குப் பால்ம்நிக்கியா கலிஃபோர்னிகா என்று பெயர் வைத்தார்.

துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர். சிறுகோள் மோதியதால்தான் டைனோசர்கள் அழிந்தன என்ற கருத்தை லூயிஸ் ஆல்வரெஸ், வால்டர் ஆல்வரெஸ், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகிய நால்வரும் முன்வைத்தது அதற்கு 13 ஆண்டுகள் கழித்து, 1980-இல். அதன் பிறகு உலகெங்கும் புவியியலாளர்கள் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கிரெட்டேசியஸ்-பாலியோசீன் எல்லையைத் தேடிப் பாறைகளில் ஏறினார்கள். எல்லைக்குக் கீழே நிற்கிறோமா, மேலே நிற்கிறோமா என்று சொல்ல அவர்களுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. கடலில் படிந்த பாறைகளில் அந்த அடையாளங்களில் ஒன்றாக நின்றது டிரக் விவரித்த அந்தச் சிற்றினம். துனீசியாவிலும் டென்மார்க்கிலும் எல்லைக்குச் சற்று மேலே அது தலைகாட்டியது. அது கிடைத்தால் பாலியோசீனுக்குள் வந்துவிட்டோம் என்று பொருள்.

இந்த அத்தியாயம் ஒரு சிற்றினத்தை விவரிப்பது என்ற வேலையைப் பற்றியது. அதைப் பட்டியல் போடும் வேலை என்று நினைப்பவர்கள் அறிவியலாளர்களிலேயே உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. டிரக் எழுதியபோது சிறுகோள் பற்றிய கேள்வியே பிறந்திருக்கவில்லை. ஆனால் கேள்வி பிறந்தபோது விடைக்கான கருவி நூலகத்தில் தயாராக இருந்தது. எழுதியவர் நினைத்தும் பார்க்காத கேள்விக்குப் பயன்படும்படி எழுதப்படுவதே நல்ல விவரணை.

முதலில் அந்த உயிரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஒற்றைச் செல் உயிரிகள். கடலிலும் நன்னீரிலும் மிதப்பவை. சில ஒளிச்சேர்க்கை செய்கின்றன, சில பிற உயிரிகளைப் பிடித்துத் தின்கின்றன, சில இரண்டையும் செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள். ஒன்று உடலின் நடுவில் இடுப்பைச் சுற்றி ஓடும் பள்ளத்தில் கிடக்கும், மற்றது பின்னால் நீண்டிருக்கும். இரண்டும் அசையும்போது உயிரி சுழன்றுகொண்டே முன்னேறும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஒளிர்ந்தது நாக்டிலூக்கா என்ற டைனோஃபிளாஜெல்லேட். ஆனால் நாக்டிலூக்கா பாறையில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை அப்படித்தான். இன்று வாழும் சிற்றினங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவானவையே புதைபடிவமாகக்கூடிய கூட்டைக் கட்டுகின்றன.

கூடு வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டம். பெரும்பாலும் இரண்டு செல்கள் இணைந்தபின் உருவாகும் செல் தன்னைச் சுற்றிக் கெட்டியான சுவரை எழுப்பிக்கொண்டு கடலடிக்கு இறங்கிவிடும். அங்கே உறங்கும். நீரின் வெப்பமும் ஒளியும் பொருந்தி வரும்போது சுவரில் ஒரு வாயில் திறக்கும், உள்ளிருந்த செல் வெளியேறி நீந்தும். ஸ்வீடனின் கோல்யோ ஃபியோர்டில் சுமார் 100 ஆண்டுகள் சேற்றில் கிடந்த கூடுகளிலிருந்துகூட உயிரிகளை முளைக்கவைத்திருக்கிறார்கள். செல் போனபின் வெற்றுக் கூடு சேற்றிலேயே தங்கிவிடுகிறது. அதன் சுவர் டைனோஸ்போரின் என்ற கரிமப் பொருளால் ஆனது. சுண்ணாம்பு ஓடுகளைக் கரைக்கும் அமிலமும் மணலைக் கரைக்கும் அமிலமும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே நாம் காணும் புதைபடிவம் செத்துப்போன உடல் இல்லை. குடியிருந்தவர் உயிரோடு வெளியேறிய கூடு.

இதைப் புரிந்துகொள்ள அறிவியலுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1830-களில் பெர்லினில் கிறிஸ்டியன் காட்ஃபிரீட் எஹ்ரன்பெர்க் சிக்கிமுக்கிக் கல்லைச் சீவல்களாக உடைத்து, ஒளி ஊடுருவும் அளவு மெல்லியவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கிரெட்டேசியஸ் காலத்துக் கல். உள்ளே முட்கள் சூழ்ந்த உருண்டைகள் தெரிந்தன. அவற்றை சாந்திடியம் என்ற நன்னீர்ப் பாசியோடு சேர்த்தார். கடல் பாறைக்குள் நன்னீர்ப் பாசி எப்படி வந்தது என்ற சங்கடம் இருந்தாலும் உருவம் ஒத்துப்போனது. பின்னால் வந்தவர்களில் சிலர் அவற்றை ஏதோ கடல் பிராணியின் முட்டைகள் என்றார்கள். 1930-களில் ஓட்டோ வெட்ஸலும் ஜார்ஜ் டெஃப்லாண்டரும் அவற்றை ஹிஸ்ட்ரிக்கோஸ்ஃபியர் என்ற வகைக்குள் வைத்தார்கள். முள்ளுருண்டை என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்லாத வகை அது.

அந்த முடிச்சை அவிழ்த்தவர் வில்லியம் எவிட். 1961-இல் வெளியான அவருடைய கட்டுரையை இந்தத் துறையின் திருப்பம் என்று தயங்காமல் சொல்லலாம். மற்றவர்கள் முட்களைப் பார்த்தார்கள். எவிட் ஓட்டையைப் பார்த்தார். பல கூடுகளில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அதுவரை பலர் அதை உடைசல் என்று ஒதுக்கிவிட்டார்கள். எவிட் கவனித்தது, அந்த ஓட்டையின் விளிம்பு நேர்க்கோடுகளால் ஆன பலகோணமாக இருப்பதை. ஒரே சிற்றினத்தில் அது எப்போதும் ஒரே இடத்தில், ஒரே வடிவில் வந்தது. தற்செயலாக உடைந்தது அப்படி வராது. வாழும் டைனோஃபிளாஜெல்லேட்டின் மேனியில் செல்லுலோஸ் தகடுகள் வரிசை வரிசையாகப் பொருந்தியிருக்கும். கூட்டின் ஓட்டை அந்தத் தகடுகளில் ஒன்றின் அல்லது சிலவற்றின் வடிவத்தை அப்படியே கொண்டிருந்தது. முட்கள் முளைத்திருந்த இடங்களும் தகடுகளின் வரிசையைப் பின்பற்றின. முள்ளுருண்டைகளில் பெரும்பகுதி டைனோஃபிளாஜெல்லேட் கூடுகள் என்று அதோடு தெளிவானது. எஞ்சிய அடையாளம் தெரியாதவற்றுக்கு 1963-இல் அவரே அக்ரிடார்க் என்று தனிப் பெயர் கொடுத்தார். சில ஆண்டுகளில் உட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் டேவிட் வாலும் பேரி டேலும் கடலடிச் சேற்றிலிருந்து எடுத்த உயிருள்ள கூடுகளைத் திறக்கவைத்து, வெளிவந்த செல் எது என்று நேரடியாகவே காட்டினார்கள்.

எவிட் பார்த்த அந்த ஓட்டைக்கு ஆர்க்கியோபைல் என்று பெயர். விவரணையின் முதல் கேள்வியே இன்று அதுதான்: வாயில் எங்கே? தகடுகளைக் குறிக்க 1900-களின் தொடக்கத்தில் சார்லஸ் கோஃபாய்ட் வகுத்த முறையைப் பின்பற்றுகிறோம். கோனியாலாக்ஸ் வகையில் பொதுவாக உச்சியில் 4 தகடுகள், இடுப்புப் பள்ளத்துக்கு மேலே 6, பள்ளத்திலேயே 6, அதற்குக் கீழே 6, அடியில் 1. பாலியோசீன் தொடக்கத்தின் மூன்று சிற்றினங்களை எடுத்துக்கொள்ளுங்கள். செனோனியாஸ்ஃபேரா இனோர்னாட்டாவில் உச்சித் தகடுகள் எல்லாம் ஒன்றாகக் கழன்றுவிடும். இளநீர் சீவியதைப் போல மேல்பக்கம் திறந்திருக்கும், விளிம்பு மட்டும் கோணல் கோணலாக. கார்ப்பாடெல்லா கார்னூட்டாவில் முதுகுப் பக்கத்தில், இடுப்புக்கு மேலே உள்ள ஒரே ஒரு தகடு கழலும். கோனியாலாக்ஸ் வகையைச் சேராத டிரித்திரோடினியம் எவிட்டியில் முதுகில் உச்சித் தகடுகளுக்கும் இடுப்பு வரிசைக்கும் இடையில் இருக்கும் மூன்று சிறு தகடுகள் கழலும். மூன்றாவதையும் டிரக் தமது 1967 ஆய்வுரையிலேயே விவரித்து, எவிட்டின் பெயரைச் சூட்டினார். வாயிலைப் புரியவைத்தவருக்குப் பொருத்தமான மரியாதை.

முட்களை நம்பாமல் வாயிலை ஏன் இவ்வளவு நம்புகிறோம்? இன்று வாழும் லிங்குலோடினியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட் கட்டும் கூட்டில் முட்கள் உண்டு. உப்பு மிகுந்த நீரில் அவை நீளமாக வளர்கின்றன, உப்புக் குறைந்த நீரில் குட்டையாகிவிடுகின்றன. உயிரி ஒன்றே, சூழல் மட்டும் வேறு. இது தெரியாத ஒருவர் கருங்கடல் சேற்றிலிருந்து ஒரு சிற்றினத்தையும் மத்தியதரைக் கடல் சேற்றிலிருந்து இன்னொன்றையும் பெயரிட்டுவிடக் கூடும். வாயில் அப்படி மாறுவதில்லை. தகடுகளின் ஒழுங்கு உயிரியின் பரம்பரையில் ஆழமாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் வாயிலைக் கொண்டு பேரினத்தையும், சுவரையும் முட்களையும் கொண்டு சிற்றினத்தையும் பிரிப்பது பொதுவான வழக்கம். ஆனால் வழக்கம் எல்லா இடத்திலும் கை கொடுக்காது. 1977-இல் டென்மார்க்கின் மாஸ்ட்ரிக்டியன் (கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டம்), டேனியன் (பாலியோசீனின் முதல் கட்டம்) பாறைகளின் டைனோஃபிளாஜெல்லேட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட யான் ஹான்சன், சுவரில் நுண்குமிழ்கள் நிறைந்த கூடுகளுக்காக ஹாஃப்னியாஸ்ஃபேரா என்ற பேரினத்தை உருவாக்கினார். குமிழ் இல்லாவிட்டால் அது ஸ்பினிஃபெரைட்டிஸ் என்ற பழைய பேரினத்தைப் போலவே இருக்கும். சுவரில் குமிழ் இருப்பது தனிப் பேரினத்துக்குப் போதுமான வேறுபாடா? இதற்குச் சூத்திரம் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான கூடுகளைப் பார்த்த கண் எடுக்கும் முடிவு அது. அந்தக் கண் எதைப் பார்த்து முடிவெடுத்தது என்று எழுதிவைப்பதே விவரணையின் நேர்மை.

இனி மேசைக்கு வருவோம். பாறையின் வெயிலும் மழையும் பட்ட மேல்தோலைச் செதுக்கி எறிந்துவிட்டு உள்ளிருந்து மாதிரி எடுக்க வேண்டும். காற்றும் நீரும் பட்டுச் சிதைந்த பாறையில் கரிமச் சுவர் மிஞ்சாது. கழுவி, உடைத்து, முதலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அடுத்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். களிமண்ணையும் மணலையும் கரைக்கக்கூடியது இதுதான். கண்ணாடியையும் அரிக்கும் என்பதால் பிளாஸ்டிக் குவளையில்தான் வைக்க முடியும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது. எந்த மாணவரையும் இந்த வேலையில் தனியாக விடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கரைந்தது போக மிஞ்சும் கருஞ்சேற்றை 10 அல்லது 15 மைக்ரான் கண்ணுள்ள நைலான் வலையில் சலித்து, கிளிசரின் ஜெல்லியில் ஒரு துளி விட்டு, ஸ்லைடில் மூடி வைத்தால் பார்க்கத் தயார். கூடுகள் பெரும்பாலும் 30 முதல் 100 மைக்ரான் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருபதை வரிசையாக நிறுத்திவிடலாம்.

ஒரு கார்ப்பாடெல்லா கார்னூட்டா கண்ணில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தடித்த சுவர், அடிமுனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு. எண்ணெய்த் துளி வைத்து நூறு மடங்கு ஆடியைக் கீழிறக்குகிறோம். நுண்ணோக்கியின் குவியக் குமிழை மெதுவாகத் திருகும்போது முதலில் தெளிவாவது நம் பக்கம் இருக்கும் மேற்பரப்பு. சுவரின் சொரசொரப்பு, தகடுகளின் எல்லையில் ஓடும் மெல்லிய வரம்புகள், இடுப்புப் பள்ளத்தின் இரண்டு கரைகள். இன்னும் திருகினால் மேற்பரப்பு மங்கி, கூட்டின் வெளிக்கோடு கூர்மையாகும். சுவரின் தடிமனை அளக்க வேண்டியது இங்கேதான். சுவர் ஓர் அடுக்கா, இரண்டா, இரண்டென்றால் நடுவில் இடைவெளி உண்டா என்று தெரிவதும் இங்கேதான். இன்னும் திருகினால் மறுபக்கம் வரும். கூடு மார்புப் பக்கம் மேலாகக் கிடந்தால் முதுகில் உள்ள வாயில் இப்போதுதான் தெரியும், அதுவும் கூட்டின் உள்ளிருந்து பார்ப்பது போல. வெளியிலிருந்து பார்த்தால் இடது பக்கம் இருப்பது இங்கே வலது பக்கம் தெரியும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. படத்தின் கீழே எந்தப் பக்கம், எந்தக் குவிமட்டம் என்று எழுதாவிட்டால் அந்தப் படத்தை நம்பி யாரும் எதையும் ஒப்பிட முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி மேற்பரப்பை அற்புதமாகக் காட்டும். ஆனால் சுவரின் உள்ளே புகாது. இரண்டும் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் சாதாரண ஒளி நுண்ணோக்கியையே கேட்பேன்.

ஒரு கூட்டை வைத்துச் சிற்றினம் எழுதுவது ஆபத்து. ஒன்று சுருங்கியிருக்கும், ஒன்று நசுங்கியிருக்கும், ஒன்றில் முட்கள் ஒடிந்திருக்கும். இருபது முப்பதாவது அளந்து, மிகச் சிறியது, சராசரி, மிகப் பெரியது மூன்றையும் கொடுக்க வேண்டும். முட்களின் நீளத்தைக் கூட்டின் விட்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. இதற்குப் பிறகுதான் மிகவும் கடினமான பத்தி வருகிறது: ஏற்கெனவே உள்ள எந்தச் சிற்றினத்தோடு இது குழம்பக்கூடும், எதனால் வேறு? இந்தப் பத்தி மெலிந்திருந்தால் விவரணை முழுவதுமே மெலிந்தது என்று நான் கருதுகிறேன். ஒப்பிட வேண்டியவற்றைத் தேட நல்லதொரு வழி இருக்கிறது. ஜூடித் லென்டினும் கிரஹாம் வில்லியம்ஸும் 1973-இல் தொடங்கிவைத்த புதைபடிவ டைனோஃபிளாஜெல்லேட் பெயர்க் குறியீட்டு நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து இன்றும் தொடர்கிறது. எந்தச் சிற்றினம் எங்கே, யாரால், எந்தப் பக்கத்தில் விவரிக்கப்பட்டது என்று அதில் கிடைக்கும்.

பெயருக்குச் சட்டம் உண்டு. டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் வேட்டையாடுபவை இருந்தாலும் புதைபடிவக் கூடுகளுக்குப் பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிகளே பின்பற்றப்படுகின்றன. 1996 முதல் புதிய புதைபடிவச் சிற்றினத்தின் விவரணை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் பெயர் செல்லாது, ஆனால் கூடவே தமிழிலும் எழுதி வெளியிட எந்தத் தடையும் இல்லை. படம் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக ஹோலோடைப் வேண்டும். பெயர் எதன்மேல் நிற்கிறதோ அந்த ஒற்றைக் கூடு அது. எந்த நிறுவனத்தில், எந்த ஸ்லைடில், ஸ்லைடின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ஆயிரக்கணக்கான துகள்கள் கிடக்கும் ஸ்லைடில் 50 மைக்ரான் கூட்டைத் திரும்பக் கண்டுபிடிக்க இங்கிலாந்து ஃபைண்டர் என்ற கண்ணாடித் தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறுசிறு கட்டங்கள் இருக்கும். கட்டத்தின் குறியை எழுதிவைத்தால் உலகின் எந்த நுண்ணோக்கியிலும் அதே இடத்துக்குப் போய்விடலாம்.

டிரக் வைத்த பெயர் இந்தச் சட்டத்தின் வழியே நெடுந்தூரம் நடந்தது. பால்ம்நிக்கியா என்பது ஆல்ஃபிரெட் ஐஸனாக் 1954-இல் உருவாக்கிய பேரினம். 1968-இல் மோர்கன்ராத் டேனியன் பாறைகளிலிருந்து டேனியா என்ற புதிய பேரினத்தை விவரித்தார். டிரக்கின் சிற்றினம் அங்கேதான் பொருந்தும் என்று முடிவாகி, அது டேனியா கலிஃபோர்னிகா ஆயிற்று. பிறகு டேனியா என்ற பேரினப் பெயரை விதிகளின்படி வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்தது. 1993-இல் ராபர்ட் ஃபென்சமும் உடன் ஆய்வாளர்களும் அதற்கு மாற்றாக டமாசாடினியம் என்ற பெயரைக் கொடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் மென்டோசினோ மாவட்டத்து டேனியன் டைனோஃபிளாஜெல்லேட்டுகளை ஆராய்ந்த சாரா டமாசாவைச் சிறப்பிக்கும் பெயர். இன்று அந்தச் சிற்றினம் டமாசாடினியம் கலிஃபோர்னிகம். பேரினம் இரண்டு முறை மாறியும் சிற்றினப் பெயர் நிலைத்தது. டிரக் எழுதிய விவரணையும் காட்டிய படமும் அது எது என்பதில் குழப்பம் வராமல் பார்த்துக்கொண்டன.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைத்த பலன் என்ன? பாலியோசீனின் முதல் கட்டத்துக்கு டேனியன் என்று பெயர் வைத்தவர் எடுவார் டெசோர், 1847-இல். டென்மார்க்கின் ஃபாக்ஸே சுரங்கமும் ஸ்டெவ்ன்ஸ் கடற்பாறையும் அதற்கு அடிப்படை. ஸ்டெவ்ன்ஸில் வெண்சுண்ணப் பாறைக்கு மேல் சில சென்டிமீட்டர் கனத்தில் மீன் களிமண் என்ற கருஞ்சாம்பல் அடுக்கு ஓடுகிறது. அதற்கு மேலே டேனியன் சுண்ணாம்புக்கல். அந்தக் களிமண்ணில், சிறுகோள் மோதலின் தடயமாகக் கருதப்படும் இரிடியம் இயல்பைவிட 160 மடங்கு இருந்ததை 1980-இல் ஆல்வரெஸ் குழுவினர் காட்டினார்கள். எல்லையைக் கடக்கும்போது சுண்ணாம்பு ஓடுடைய நுண்மிதவைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் காணாமல் போகின்றன. டைனோஃபிளாஜெல்லேட் கூடுகளில் அப்படிப்பட்ட பேரழிவு இல்லை. பழையவற்றில் பெரும்பாலானவை எல்லையைத் தாண்டி வருகின்றன, கூடவே சில புதியவை சேர்கின்றன. வானம் இருண்டு ஒளிச்சேர்க்கை நின்றுபோன காலத்தை, கூட்டுக்குள் உறங்கத் தெரிந்தவை கடந்திருக்கும் என்பதே இதற்கு இயல்பான விளக்கம்.

இந்தத் தொடர்ச்சிதான் இவற்றை இவ்வளவு மதிப்புள்ளவை ஆக்குகிறது. மற்றச் சாட்சிகள் இறந்துபோன இடத்தில் இவை பேசுகின்றன. டேனியனின் தொடக்கத்துக்கு உலக அளவுகோலாக ஏற்கப்பட்ட பாறை துனீசியாவின் எல் கெஃப் அருகே இருக்கிறது. அங்கே ஹென்க் பிரிங்க்ஹவுஸும் உடன் ஆய்வாளர்களும் எல்லைக்குச் சற்று மேலே வடக்கின் குளிர்கடல் கூடுகள் திடீரென்று தெற்கே வந்து சேர்ந்ததைக் கண்டார்கள். மோதலுக்குப் பின் கடல் குளிர்ந்தது என்பதற்கு அது ஒரு சான்று. 2014-இல் டெக்சஸின் பிராசோஸ் ஆற்றுப் பாறைகளில் நுண்ணுயிரிகளின் கொழுப்பு மூலக்கூறுகளைக் கொண்டு செய்த ஆய்வு, கடல் மேற்பரப்பு 7 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்து மீண்டிருக்கலாம் என்று காட்டியது.

எவிட்டின் பெயர் தாங்கிய டிரித்திரோடினியம் வேறொரு பாடம் சொல்கிறது. வெப்பக் கடல்களில் அது கிரெட்டேசியஸ் முடியும் முன்பே இருந்தது. மேற்கு கிரீன்லாந்தின் நூசுவாக் தீபகற்பத்தில் டேனியன் தொடக்கத்தில்தான் ஏராளமாக வருகிறது. அதை எங்கும் ஒரே நேரம் காட்டும் கடிகாரமாக எடுத்துக்கொண்டால் பிழை. கடல் வெப்பமானபோது வடக்கே நகர்ந்த உயிரி என்று எடுத்துக்கொண்டால் அதே தகவல் வெப்பமானி ஆகிவிடுகிறது. சிற்றினத்தைச் சரியாக அடையாளம் காண முடிந்ததால்தான் இந்த வேறுபாடே நமக்குத் தெரிந்தது.

இந்தத் துறைக்குப் பணம் வந்தது பெரும்பாலும் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து. 1969-இல் கண்டுபிடிக்கப்பட்ட வட கடலின் எகோஃபிஸ்க் வயலில் எண்ணெய் தங்கியிருப்பது மாஸ்ட்ரிக்டியன், டேனியன் வெண்சுண்ணப் பாறைகளில்தான். துளையிடும்போது மேலே வரும் சில கிராம் பாறைத் துணுக்கில் முழு டைனோசரோ அம்மோனைட்டோ கிடைக்காது. ஆயிரக்கணக்கான கூடுகள் கிடைக்கும். ஒரு சிக்கல் உண்டு. கிணற்றின் மேல்பகுதிச் சுவர் உதிர்ந்து கீழே விழும். அதனால் ஓர் ஆழத்தில் ஒரு சிற்றினம் கிடைத்தால் அது அங்கேயே வாழ்ந்தது என்று உறுதி சொல்ல முடியாது. மேலிருந்து கீழே போகும்போது ஒரு சிற்றினம் முதன்முதலாகக் கண்ணில் படும் இடத்தை, அதாவது அது உலகைவிட்டு மறைந்த மட்டத்தைத்தான் நம்பலாம்.

நம் ஊரிலும் டேனியன் பாறை உண்டு. அரியலூர் மாவட்டத்து நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை ஆராய்ந்த பிளான்ஃபர்ட் கிரெட்டேசியஸ் வரிசையின் உச்சியில் வைத்தார். எல். ராமராவும் யூலியஸ் பியாவும் 1936-இல் வெளியிட்ட நின்னியூர்ப் பாசிப் படிவங்கள் பற்றிய ஆய்வும் தலைப்பிலேயே அதைக் கிரெட்டேசியஸின் உச்சி அடுக்கு என்றது. பின்னர் அது டேனியனைச் சேர்ந்தது என்று ஏற்கப்பட்டது. ஆழம் குறைந்த கடலில் படிந்து, வெயிலிலும் மழையிலும் நெடுங்காலம் கிடந்த சுண்ணாம்புக்கல் கரிமக் கூடுகளுக்கு உகந்த இடம் இல்லை. காவிரிப் படுகையின் ஆழ்துளைக் கிணறுகளில் கிடைக்கும் கருங்களிப்பாறைகளில்தான் நம்பிக்கை வைக்க வேண்டும். மேகாலயாவின் காசி மலையில் உம் சோரிங்கியூ ஆற்றங்கரையில் எல்லையும் இரிடியமும் கூடுகளும் ஒரே வரிசையில் இருக்கின்றன. லக்னோவில் 1946-இல் தொடங்கப்பட்ட பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தக் கூடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஹோலோடைப் ஸ்லைடுகள் சாகக்கூடியவை. கிளிசரின் ஜெல்லி காயும், குமிழ் விடும், விளிம்பிலிருந்து விரியும். கூடு நகர்ந்துபோனால் எழுதிவைத்த கட்டக் குறி பொய்யாகிவிடும். எஹ்ரன்பெர்க் விட்டுச்சென்ற சேகரிப்பை பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போர்களையும் தாண்டி இன்றும் காத்துவருகிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் புவியியல் துறைகளில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஒரு பேராசிரியர் ஓய்வுபெறும்போது அவருடைய அலமாரியில் உள்ள ஸ்லைடுகளையும் மிச்சச் சேற்றுக் குப்பிகளையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மாதிரி எடுத்த ஊர், அடுக்கு, ஆழம், தேதி ஆகியவற்றை அழியாத மையில் எழுதி, படம் எடுத்து, ஓர் அருங்காட்சியகத்திடமோ ஆய்வு நிறுவனத்திடமோ ஒப்படையுங்கள்.